மிஞ்சும் வெயில் யாருக்கு?

(களுபோவிலையில், கொழும்புவாழ் தமிழ் அன்பர்களும் வடபுலத்துக் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



அரசியற் கூட்டம் என்று அழைத்துவிட்டு மின்சாரத்தைப் பற்றிப் பேசப் போகின்றேன். இஃதென்ன புதுமை என்று உங்களிற் சிலர் முணுமுணுப்பது என் காதில் விழாமலில்லை. ஆயினும், உங்கள் கூரைமேல் விழும் வெயிலுக்கும் உங்கள் கிணற்றிலே ஊறும் நீருக்கும் சட்டத்தில் என்ன இடம் என்பது அரசியலன்றி வேறென்ன? அரை மணி நேரம் பொறுத்துக் கேட்டபின் இவன் வழிதவறிப் பேசினான் என்று தோன்றினால், அப்போது சொல்லுங்கள்.

இரண்டு ஆண்டுகளை ஒருங்கே நினைவுகூருங்கள். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல், நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரமின்றி இந்நாடு இருளில் இருந்தது. பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்திற் பரீட்சைக்குப் படித்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. தொழிற்சாலைகள் மூடியிருந்தன, அலுவலகங்கள் பூட்டியிருந்தன, வெயிலோ வஞ்சனையின்றிக் காய்ந்தது. அப்போது இலங்கை மின்சார சபை கூரைச் சூரியத் தகடு வைத்திருப்போரை நோக்கி, பிற்பகல் 3 மணிவரை உங்கள் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று வேண்டிக்கொண்டது. இல்லாமையால் அழுத நாடு மூன்றே ஆண்டுகளில் மிகுதியால் அழுதது! இந்த விந்தைக்குக் காரணம் என்ன?

அந்த வேண்டுகோளுக்கு முன்னே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியிலே பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் கூறினார். அயல்நாட்டுப் பத்திரிகைகள் அக்குரங்கை எழுதி எழுதி நகைத்தன. நகைப்பு அடங்கிய பின் பொறியியலாளர்கள் சொன்ன விளக்கத்தை எத்தனை பேர் கேட்டோம்? ஞாயிற்றுக்கிழமை நண்பகலிலே மின்சாரத்தின் தேவை குறைவு. கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரமோ அதிகம். ஆகவே நீர்மின் நிலையங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் சுழலும் கனத்த இயந்திரங்களிற் பல ஓய்ந்திருந்தன. கனத்த இயந்திரம் கனத்த செக்கைப் போன்றது. மாடு ஒரு கணம் இடறினாலும் சுழற்சியின் வேகம் செக்கை இழுத்துக்கொண்டு போகும். சூரியத் தகட்டுக்கு அத்தகைய சுழற்சி இல்லை. ஓரிடத்தில் ஏற்பட்ட அதிர்ச்சியைத் தாங்க ஆளில்லாமல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிந்தன. நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையமும் நின்றது. அது மீண்டெழும்வரை அடுத்த நாட்களிலும் நாம் மின்வெட்டை அனுபவித்தோம்.

இது பொறியியலாளர் தரும் விளக்கம். இதை நான் மறுக்கவில்லை. மறுக்கும் தகுதியும் எனக்கில்லை. என் வினா வேறு. மிகுதி வந்தபோது அதைப் பயன்படுத்துவது எப்படி என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை? நிறுத்து என்ற ஒரு சொல் மட்டும் ஏன் அவர்கள் நாவில் வந்தது?

இதற்கு விடை காண உங்களை ஒரு படகுக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

பிரித்தானியாவிலே ஏறக்குறைய 2,000 மைல் நீளத்துக்கு ஆறுகளும் பழைய கால்வாய்களும் ஒரே பொறுப்பாண்மை அமைப்பின் பராமரிப்பில் உள்ளன. நீராவி இரயில் வருவதற்கு முன் நிலக்கரியும் மட்பாண்டமும் ஏற்றிச்செல்ல வெட்டப்பட்டவை அக்கால்வாய்கள். நம் கொழும்பையும் நீர்கொழும்பையும் இணைத்த கால்வாய் வழியே அந்நாளிற் கறுவாவும் கொப்பராவும் தெப்பப் படகுகளில் வந்ததுபோல என்று கொள்ளுங்கள். இன்று அங்கே சரக்கு இல்லை, மனிதர் குடியிருக்கின்றனர். ஏழடி அகலமும் ஐம்பது அறுபது அடி நீளமும் உள்ள ஒடுங்கிய படகே அவர்களுடைய வீடு. நம்மவர் நிறைந்து வாழும் இலண்டன் ஆல்பர்ட்டன் பகுதியில், தமிழ்க் கடைகள் வரிசையாய் நிற்கும் வீதியின் கடைக்கோடியிலேயே அத்தகைய கால்வாய் ஒன்று ஓடுகின்றது. நம் உறவினரைப் பார்க்கச் சென்ற உங்களிற் பலர் அதன் பாலத்தைக் கடந்திருப்பீர்கள்; குனிந்து பார்த்திருக்கமாட்டீர்கள்.

அங்கே நிலையான துறை இல்லாத படகுக்காரன் ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தொடர்ந்து தங்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டின் பிரித்தானிய நீர்வழிச் சட்டத்தின் விதி. (சட்டம் படித்தவனுக்கு எங்கு போனாலும் விதிதான் முதலிற் கண்ணிற் படும், மன்னியுங்கள்.) ஊர் ஊராய் நகர்பவனுக்குக் கரையிலிருந்து மின்கம்பி வராது. ஆகவே அவன் படகின் கூரைமேற் சில சூரியத் தகடுகளைப் பரப்பிக்கொள்கின்றான். அவை பகலிற் பற்றரியை நிரப்பும். இரவில் அவன் அதை எடுத்துச் செலவிடுவான். மார்கழியில் அந்நாட்டு வெயில் ஒரு கைப்பிடிதான். அதனால் கரியடுப்பும் டீசலும் கொண்டு காலந்தள்ளுவான். ஆனால் ஆனி ஆடியிலோ நண்பகலுக்கு முன்னரே பற்றரி நிரம்பிவிடும். நிரம்பியதும் இடையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி தகட்டின் வாயை அடைத்துவிடும். வெயில் கூரைமேற் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு துளி மின்சாரமும் உள்ளே வராது. விற்க ஆளில்லை, கம்பியும் இல்லை.

அவன் என்ன செய்கின்றான்? தகடுகளைத் துணியால் மூடிவிட்டு, மூன்று மணிவரை நிறுத்தி வைத்தேன் என்று பெருமூச்சு விடுகின்றானா? இல்லை. தன் வேலையை நண்பகலுக்கு நகர்த்துகின்றான். காலையில் துவைக்க வேண்டிய துணியை உச்சிவேளையில் துவைக்கின்றான். மாலைச் சமையலை மதியமே மெதுவாய் வேகும் மின்பாத்திரத்தில் ஏற்றிவிடுகின்றான். எல்லாம் முடிந்தும் மிஞ்சினால், தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் சூடேற்றும் தண்டுக்கு அதைத் திருப்பிவிடுகின்றான். 50 லீற்றர் தண்ணீரை 30 பாகை சூடேற்ற ஒன்றேமுக்கால் அலகு மின்சாரம் செல்லும். அந்தத் தொட்டியே அவனுக்கு இரண்டாவது பற்றரி. விலை குறைந்த பற்றரி. இரவிலே சுடுநீரிற் குளிக்கும்போது அவன் நண்பகல் வெயிலிலே குளிக்கின்றான். சிலர் பற்றரி நிரம்பியதும் மனிதன் கை படாமலே தண்ணீர்த் தொட்டிக்கு மின்சாரம் மாறும்படி ஒரு சிறு பொறியமைத்துவிடுகின்றனர். இப்பொறி பெரிய விஞ்ஞானமன்று. நம் இளைஞர் எவரும் செய்வர்.

இதில் ஓர் உண்மையைக் கவனியுங்கள். படகிலே மின்சாரத்தை உண்டாக்குபவனும் அவனே, செலவிடுபவனும் அவனே, எப்போது செலவிடுவது என்று முடிவு செய்பவனும் அவனே. ஆகவேதான் அவனுக்கு மிகுதி என்பது தொல்லையன்று, வாய்ப்பு. இம்மூவரும் மூன்று வேறு மனிதராய், ஒருவரையொருவர் அறியாதவராய், ஒருவர்க்கொருவர் கட்டளை மட்டும் அனுப்புவோராய் இருக்கும் இடத்தில்தான் மிகுதி ஆபத்தாகின்றது.

இலங்கையும் ஒரு படகுதான். ஐரோப்பாவிலே ஒரு நாட்டில் மின்சாரம் மிஞ்சினால் அடுத்த நாட்டுக்கு ஓடும். நம் மின்வலையமைப்புக்கு அயல் இல்லை. பாக்கு நீரிணைக்கு அடியில் இந்தியாவுக்குக் கம்பி போடும் பேச்சு எத்தனையோ ஆண்டாய் நடக்கின்றது. பேச்சுத்தான் கடலைக் கடந்திருக்கின்றது. அப்படியாயின் படகுக்காரன் செய்வதை இந்நாடு செய்ய வேண்டாமா? நண்பகலில் மின்சாரத்தைச் செலவிடுவோர்க்குச் சலுகை தந்து வேலையை அந்நேரத்துக்கு இழுக்க வேண்டாமா?

நம் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணத்திலே, மாலை ஆறரை முதல் இரவு பத்தரைவரை உச்சநேரம். அதுவே விலை மிகுந்தது. இரவு பத்தரை முதல் விடியற்காலை ஐந்தரைவரை மலிவான நேரம். பகலெல்லாம், நண்பகல் உட்பட, இரண்டுக்கும் இடைப்பட்ட விலை. நெடுங்காலமாக இதுவே முறை. இம்முறை வகுக்கப்பட்ட காலத்தில் இது சரி. லக்சபானா நீர்வீழ்ச்சியைப் பார்த்து இந்நாட்டின் மின்சாரத்துக்குக் கனாக் கண்ட விமலசுரேந்திரவின் எண்ணம் 1950இல் நிறைவேறியது முதல், ஓடும் நீரும் பின்னர் எரியும் கரியும் நம் மின்சாரத்தின் ஊற்றுக்களாயிருந்தன. ஊர் உறங்கும் நள்ளிரவில் மின்சாரம் மிஞ்சியது. அதனால் நள்ளிரவை மலிவாக்கினார்கள். இன்று மிஞ்சுவது நண்பகலில். மிகுதி பகலுக்கு மாறிவிட்டது. பட்டியல் நள்ளிரவிலேயே நிற்கின்றது! மலிவு என்று சொல்லி மக்களை இரவிலே துணி துவைக்கத் தூண்டிவிட்டு, மதியத்திலே மின்சாரம் மிஞ்சுகின்றதே என்று தலையிற் கை வைத்தால் யார் குற்றம்?

இங்கே அமர்ந்திருக்கும் வைத்தியர்களும் கணக்காளர்களும் பொறியியலாளர்களும் இப்போது தலையசைக்கின்றீர்கள். ஏனெனில் உங்கள் கூரைகளிலே தகடுகள் உள்ளன. 2016 செப்டெம்பரில் அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற பெயரில் ஓர் இயக்கந் தொடங்கி, வீட்டுக் கூரையை மின்னிலையம் ஆக்குங்கள் என்று அழைத்தது. அலகொன்றுக்கு முதல் ஏழு ஆண்டுகள் 22 ரூபா, அதன்பின் 15 ரூபா 50 சதம் என்று இருபதாண்டுக்கு ஒப்பந்தமும் எழுதித் தந்தது. நெருக்கடி வந்த 2022இல் புதியவர்க்கு 37 ரூபா என்றார்கள். நெருக்கடி தணிந்ததும் அடுத்தடுத்துக் குறைத்தார்கள். நீங்களும் வங்கியிற் கடன்பட்டு 5 கிலோவாற்றுத் தகடு போட்டீர்கள். அது மாதம் ஏறக்குறைய 600 அலகு தரும். வங்கித் தவணையும் அதைக் கொண்டே கழியும் என்று கணக்குப் போட்டிருக்கின்றீர்கள். திடீரென்று நிறுத்து என்றால் வயிற்றெரிச்சல் இயல்பே.

சட்டத்தின் பக்கம் நின்று ஒன்று சொல்கின்றேன். 2025 சித்திரையில் வந்தது வேண்டுகோள், கட்டளையன்று. விரும்பினால் நிறுத்துங்கள் என்பது அதன் பொருள். இதைவிட நீதியற்ற முறை வேறொன்றில்லை. எவ்வாறெனின், நாட்டின் நன்மை கருதி நிறுத்திய நல்லவனுக்கு நட்டம்; காதில் விழாதவன்போல் ஓடவிட்டவனுக்கு இலாபம். தொலைவிலிருந்தே நிறுத்தும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்ற பேச்சும் எழுந்திருக்கின்றது. பொருத்தட்டும். ஆனால் எந்த நிலை வந்தால், யாரை முதலில், எவ்வளவு நேரம், என்ன ஈடு கொடுத்து நிறுத்துவது என்பது முன்கூட்டியே எழுதி வெளியிட்ட விதியாய் இருத்தல் வேண்டும். பெரிய நிலையங்களை ஓடவிட்டுச் சிறிய கூரைகளை மட்டும் மூடச் சொல்லும் அதிகாரம் ஒருவருடைய மேசையில் இருத்தலாகாது.

நண்பர்களே, இதைச் சொல்லிவிட்டு உங்களுக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். உங்கள் 22 ரூபாவையும் 37 ரூபாவையும் தருவது அரசாங்கத்தின் கருவூலமன்று. மின்பட்டியல் கட்டும் ஒவ்வொருவரும் தருகின்றனர். வெள்ளவத்தையில் அடுக்குமாடியின் மூன்றாந் தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஆசிரியைக்குக் கூரை இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடும்பம் வாழும் தோட்ட வீடுகளுக்குத் தகடு வைக்கும் வசதி இல்லை. அவர்களிடமிருந்து வாங்கித்தான் உங்களுக்குத் தரப்படுகின்றது. தகடு உள்ளவனுடைய விலைக்காக மட்டும் நாம் வாதாடினால் அது வழக்கு, அரசியலன்று. ‘நண்பகல் மின்சாரத்தை மலிவாக்கு’ என்று வாதாடினாலோ கூரையில்லாத அந்த ஆசிரியைக்கும் அதிலே பங்குண்டு. மதியத்திற் சோறு வைப்பவள், மதியத்தில் நீரேற்றும் அடுக்குமாடி, மதியத்திற் பனிக்கட்டி உறைய வைக்கும் குருநகர் மீனவர் எல்லாருக்கும் அதிற் பங்குண்டு. சேமித்து வைத்து மாலை உச்சநேரத்திற் கொடுக்கும் கூரைக்காரருக்கு உயர்ந்த விலை தருவதாக 2025இல் அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கின்றோம். ஆனால் பற்றரி வாங்கப் பணம் உள்ளவனுக்கே அதுவும் பயன். படகுக்காரனுடைய சுடுநீர்த் தொட்டி ஏழைக்கும் எட்டும்.

இனி வடக்கே வருவோம். கமக்காரப் பெருமக்களே, உங்களுக்காகவே நான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

போர்க்காலத்திற் பல்லாண்டுகள் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது யாழ்ப்பாணம். மின்பிறப்பாக்கிகளின் எண்ணெய்ப் புகையிலே நாம் வெளிச்சம் கண்டோம். அந்த வெளிச்சத்தின் விலை என்னவென்று சுன்னாகத்தாரைக் கேளுங்கள். அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளிற் கலந்தது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2019 ஏப்ரலில் நீதிமன்றம், நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மின்சாரமும் கிணறும் வேறு வேறல்ல என்பதை இந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட வழக்கு அது.

எண்ணெய்க்கு மாற்றாக இன்று சூரிய நீரிறைப்பு வருகின்றது. மண்ணெண்ணெய் வாங்கி இயந்திரத்தை இழுத்து இழுத்து உயிர்ப்பித்த உங்களுக்கு இது பெரும் வரம். ஓர் அலகு மின்சாரம் முப்பதடி ஆழக் கிணற்றிலிருந்து ஏறக்குறைய 15,000 லீற்றர் நீரை மேலேற்றும். வெயிலுக்கு விலையில்லை. மிஞ்சும் வெயிலை என்ன செய்வது? இன்னும் இறைப்போம் என்றுதான் கை போகும்.

இங்கேதான் நான் உங்களைத் தடுக்கின்றேன். படகுக்காரனுடைய தொட்டியில் எவ்வளவு வெந்நீர் நிறைந்தாலும் ஒருவருக்கும் கேடில்லை. உங்கள் கிணறு அப்படியன்று. ஆறில்லாத நம் குடாநாட்டில், சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் மாரிமழை இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லையாகவே நன்னீர் நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி நிற்கும் என்பது நிலநீர் நூலோர் கணக்கு. அதனை மறுபுறமாகப் படியுங்கள்: மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உவர் நாற்பதடி மேலேறி வரும்! மண்ணெண்ணெயின் விலை இதுவரை உங்கள் கையைக் கட்டி வைத்திருந்தது. விலையில்லா வெயில் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். காலை முதல் மாலைவரை ஓடும் சூரியப் பம்பிகள் ஆயிரக்கணக்கில் வந்தால், உரும்பிராயிலும் கோப்பாயிலும் வெங்காயத்துக்கு உப்புநீர் பாய்ச்சும் நாள் வரும்.

இதற்கு வழி கண்டவர் இருக்கின்றனர். இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், கேடா மாவட்டத்தில், துண்டி என்றோர் ஊர். 2016இல் அங்கே ஆறு கமக்காரர் சேர்ந்து, சூரியத் தகட்டினால் நீரிறைப்போரின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்தனர். அதற்குத் துணை நின்றது சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம். அதன் தலைமையகம் வேறெங்கோ இல்லை, இந்தக் களுபோவிலையிலிருந்து அதிக தூரமில்லாத பத்தரமுல்லையில்தான் உள்ளது. நம் வாசலிலிருந்து போன அறிவு குஜராத்திலே விளைந்திருக்கின்றது. வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் அது வந்து சேரவேண்டும். அவர்கள் செய்தது என்ன? தேவைக்கு இறைத்தபின் மிஞ்சும் மின்சாரத்தைச் சங்கத்தின் ஒரே மீற்றர் வழியாக மாநில மின் கம்பனிக்கு விற்றனர். அலகுக்கு 4 ரூபா 63 சதம் (இந்திய நாணயம்) என்று 25 ஆண்டு ஒப்பந்தம். நீரை மிச்சம் பிடித்தமைக்கு மேலதிகக் கொடை. தண்ணீரை நிலத்திலேயே விட்டு வைத்தால் பணம் வரும் என்றானபின் கமக்காரன் வீணாய் இறைப்பானா? வெயிலை ஒரு பயிராக எண்ணி விற்றான். ஆறு பேருடைய அனுபவத்தை வைத்து உலகத்தை அளக்க முடியாது என்று பொறியியல் நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். உண்மை. ஆனால் ஆறு பேரைக் கொண்டு தொடங்குவதற்கு நம்மூரில் யார் தடை?

நம்மூரில் ஒரு சிக்கல் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. குஜராத்திற் கம்பனி வாங்கியது. இங்கேயோ நண்பகல் மின்சாரம் ஏற்கெனவே மிஞ்சுகின்றது என்கின்றார்கள். ஆகவே மின்சாரத்தை அப்படியே விற்பதைவிட, ஊரிலேயே வேலையாக்கி விற்பதே நமக்கு உகந்தது. நண்பகலில் ஓடும் மிளகாய் அரைக்கும் ஆலை, புகையிலைக்கு மாற்றாகப் பழமும் மரக்கறியும் உலர்த்தும் கூடம், சங்கத்தின் குளிர்ச்சாலை, மீனவருக்குப் பனிக்கட்டி. எங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு காலத்தில் வடக்கின் முதுகெலும்பாய் இருந்தவை. இன்றும் கட்டடங்கள் நிற்கின்றன, கூரைகளும் நிற்கின்றன.

இப்போது சட்டத்துக்கு வருகின்றேன். 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தத்தின் மாகாண சபைப் பட்டியலை உங்களில் எத்தனை பேர் முழுவதும் படித்திருக்கின்றீர்கள்? காணியும் பொலிசும் என்று முப்பது ஆண்டுக்கு மேலாய் முழங்குகின்றோம், முழங்கவே வேண்டும். ஆனால் அதே பட்டியலில் மின்சாரமும் உள்ளது என்பதை மறந்துவிட்டோம். நீர்மின்சாரமும், தேசிய வலையமைப்புக்கு ஊட்டும் மின்சாரமும் நீங்கலாக, மாகாணத்துக்குள் மின்சக்தியை உண்டாக்கும் இடங்களையும் வசதிகளையும் அபிவிருத்தி செய்தல் மாகாணத்துக்கு உரியது. மாகாணத்தில் மின்வசதியை விரிவாக்குதலும், மின்பாவனையை ஊக்குவித்து ஒழுங்குபடுத்துதலும் மாகாணத்துக்கு உரியன. தேசிய வலையமைப்போடு ஒட்டாத மின்சாரம் என்றால் என்ன? நான் வருணித்த அந்தப் படகின் மின்சாரந்தான்!

அத்தகைய படகுகள் நம்மிடம் உண்டு. அவற்றின் பெயர் நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு, எழுவைதீவு. எழுவைதீவிலே காற்றும் வெயிலும் பற்றரியும் டீசலும் சேர்ந்த சிறு கலப்பு மின்னிலையம் முன்னோடியாய் அமைக்கப்பட்டது. மற்ற மூன்று தீவுகளுக்கு வந்த கதை நீங்கள் அறிந்ததே. 2021இல் சீனக் கம்பனிக்கு என்றார்கள், இந்தியா முகஞ்சுளித்தது, அது கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் இந்தியாவின் நன்கொடையாக, 1,700 கிலோவாற்று வெயிலும் 530 கிலோவாற்றுக் காற்றும் பற்றரியும் கொண்ட திட்டத்துக்கு ஒப்பந்தமாயிற்று. பீகிங் ஒருபுறம், புதுடில்லி ஒருபுறம், கொழும்பு நடுவில். நெடுந்தீவான் எங்கே? தன் படகின் தகட்டைப் பற்றி மூன்று தலைநகரங்கள் பேசியபோது, படகில் இருப்பவனை ஒருவரும் கேட்கவில்லை. நன்கொடையை நாம் நன்றியோடு ஏற்போம். நண்பகலில் அங்கே மிஞ்சப்போகும் மின்சாரத்தை நன்னீராக்கும் ஆலைக்குக் கொடுப்பதா, பனிக்கட்டிக்குக் கொடுப்பதா, படகுப் பற்றரிக்குக் கொடுப்பதா என்று முடிவுசெய்யும் உரிமையோ அத்தீவாருடையது.

படகுப் பற்றரி என்றது வெறும் கற்பனையன்று. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலில், 2017 ஜனவரி முதல் ‘ஆதித்யா’ என்ற படகு 75 பயணிகளை ஏற்றி வெயிலாலே ஓடுகின்றது. கூரைமேல் 20 கிலோவாற்றுத் தகடு. காயல் வேறு, நம் கடல் வேறு என்பதை அறிவேன். சோளகக் காற்றிலே நெடுந்தீவுப் பாதையில் அதை விடச் சொல்லவில்லை. குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையிலுள்ள குறுகிய கடலிலே ஆராய்ந்து பார்க்கலாம் அல்லவா?

ஆனால் உரிமை பட்டியலில் இருக்கின்றது. அதை ஏந்த வேண்டிய கை இல்லை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. சபை இருந்த காலத்திலேனும் இந்த அதிகாரத்தைக் கொண்டு ஒரு நியதிச்சட்டம் இயற்ற நம்மவர் முயன்றிருக்கலாம் என்பது என் துணிபு. இடையில், 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இல் அதற்கு வந்த திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாய்ப் பிரிக்கும் வழியை வகுத்துவிட்டன. பழைய வீட்டைப் பிரித்துப் புதிய வீடு கட்டும்போது வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்பதற்கு இதுவே தருணம். கட்டி முடிந்தபின் சுவரை இடிக்கச் சொன்னால் யார் கேட்பார்?

நாம் செய்யக்கூடியது என்ன என்று வினவுவீர்கள். கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தை எழுத்திலும் நேரிலும் கேட்கின்றது. அங்கே தமிழில் எழுதலாம், தமிழிற் பேசலாம். தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம். தகடு வைக்க ஒப்பந்தம் எழுதும் கமக்காரர் அதனைத் தமிழிலே தரும்படி கேளுங்கள். விளங்காத மொழியில் இருபதாண்டுக்குக் கையொப்பமிடாதீர்கள்.

மூன்று கோரிக்கைகளை ஒரே விண்ணப்பமாய் வரைந்து கொண்டு வந்திருக்கின்றேன். நண்பகலுக்கு மலிவான கட்டணம். தகடுகளை நிறுத்துவதற்கு முன்கூட்டி வெளியிட்ட விதியும் ஈடும். தீவுகளிலும் கமங்களிலும் வலையமைப்போடு ஒட்டாத மின்சாரத்தை ஊர்ச் சங்கங்கள் நிருவகிக்கும் உரிமை. பொறியியலாளர் நண்பர்களே, கணக்குப் பகுதியை நீங்கள் படித்துத் திருத்தித் தாருங்கள். சட்டப் பகுதிக்கு நான் பொறுப்பு. கமக்காரர் தம் நீரிறைப்புக்கு மாதம் ஆகும் எரிபொருட் செலவையும், கிணற்றின் நீர்மட்டம் மாரியிலும் கோடையிலும் எத்தனை அடி என்பதையும் பின்வரிசை மேசையில் உள்ள தாளில் எழுதி வையுங்கள். எழுதத் தயங்குவோர்க்கு எழுதிக் கொடுக்க இளைஞர் இருவர் அங்கே அமர்ந்திருக்கின்றனர். புகையிரதம் இரவில்தான், தேநீர் அருந்திவிட்டு நிதானமாய் எழுதலாம்.